உப்பும் ஐஸும்

பழவேற்காட்டு ஆராய்ச்சிக் கூடத்து ஜன்னலில் மே மாத வெயில் கொதிக்கிறது. திறந்து கிடக்கும் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க், சூடேறினால் நின்றுவிடுகிறது. குளிர்ந்திருந்தால் மட்டும் சுழல்கிறது. சுராயா மூன்று வருஷம் படகில் அலைந்து அளந்த ஏரியின் உப்புக் கணக்கு முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. இறால் கூடையிலிருந்து அள்ளிவந்த ஐஸைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அதன்மேல் அழுத்திப் பிடித்திருக்கிறாள். மீன் கவிச்சி அறையெங்கும். பை வேர்க்க வேர்க்க மெக்கானிக் லோகநாதன் துணியால் ஒற்றுகிறார், இன்னொரு கையால் நகலெடுக்க ஃபிளாப்பியைச் சொருகுகிறார். "ஒரு சொட்டு உள்ள வுழுந்தா அவ்ளோதாம்மா." "இன்னும் எவ்ளோண்ணே?" "இதான் கடைசி. பாதி வந்துகீது." பச்சை எழுத்துகள் ஊர்கின்றன. டிஸ்கின் ரீங்காரம் இழுபட்டுத் தேய்கிறது. பையில் இப்போது வெறும் தண்ணீர். அதை ஜன்னலுக்கு வெளியே வீசிவிட்டு, சில்லிட்டு மரத்துப்போன உள்ளங்கையைத் துடைத்து, சுராயா டிஸ்கின் உலோக மூடியின் மேலேயே வைக்கிறாள்.