பத்துக்கு எத்தனை கோபம்?

"மன்னிப்பு கேக்கத்தானே வந்திருக்கீங்க? அப்போ அந்த டாக்டர் எங்க? வண்டியிலேயே உக்காந்திருக்காரா?"

கதவைத் திறந்ததும் திறக்காததுமாகப் பாய்ந்தார் லிஃப்ட் மெக்கானிக். வாசலில் நின்ற பெண்ணின் கையிலிருந்த கோப்பில் ஆஸ்பத்திரி முத்திரை இருந்தது. அது ஒன்று போதாதா அவருக்கு? பதினோரு மாதமாக அந்த முத்திரை அவர் கண்ணில் படக்கூடாது என்று மாத்திரைக் கவரைக்கூட மனைவி ஒளித்துத்தான் வைத்திருந்தாள்.

"நான் ஆஸ்பத்திரி ஆள் இல்ல சார். பல்கலைக்கழகத்துல மனுஷங்களோட கோபத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்றேன். ஆஸ்பத்திரியில இருந்து கிளம்புறப்ப ஒரு கட்டுக் காகிதத்துல கையெழுத்து போட்டீங்களே, அதுல எங்க படிவமும் ஒண்ணு. கொஞ்சம் கேள்வி கேக்கணும்."

"கோபத்தைப் பத்தியா? சரியான ஆளைத்தான் பிடிச்சிருக்கீங்க. வாங்க உள்ள!"

இரண்டு காலையும் இழுத்து இழுத்து நடந்துபோய் நாற்காலியில் சரிந்தார். அவள் எதிரே உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள்.

"என்ன நடந்ததுன்னு சொல்லுங்க சார்."

"வலது முட்டி வலிக்குதுன்னு போனேன். மயக்கம் தெளிஞ்சு பார்த்தா இடது முட்டியில கட்டு! பேனாவால பெரிசா குறி வேற போட்டிருந்தாங்க. அப்படியும் மாத்தி அறுத்தார் அந்தப் புண்ணியவான். முப்பத்திரண்டு வருஷம் ஏணியில நின்னு வேலை பார்த்தவன் நான். இப்ப ஸ்டோர்ல உக்காந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறேன்."

"கொஞ்சம் மெதுவா பேசுங்களேன்" என்று உள்ளேயிருந்து வந்தாள் மனைவி.

"நீ சும்மா இரு. மெதுவா பேசினதுக்குத்தான் காலை மாத்தி வெட்டினான்!"

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். வந்த பெண் சிரிக்கவில்லை. படிவத்தில் அடுத்த கேள்விக்குப் போனாள்.

"அதுக்கப்புறம் டாக்டர் உங்களை வந்து பார்த்தாரா?"

"இல்ல."

"கடிதம் ஏதாவது?"

"இல்ல."

"ஒரு போன்கூட வரலையே? நிச்சயமா?"

"வந்திருந்தா நான் ஏன் இப்படிக் கத்தப்போறேன்?"

மூன்று கட்டங்களிலும் டிக் அடித்தாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. எதுவும் விட்டுப்போகக் கூடாதே என்று எவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாள் என்று அவருக்கு மனசு கொஞ்சம் இளகியது.

"கேளும்மா. பக்கத்துப் படுக்கையில ஒரு மளிகைக் கடைக்காரர். வயித்துல பஞ்சை வெச்சுத் தைச்சுட்டாங்க. அவரோட டாக்டர் வீடு தேடிப் போய், கையைப் பிடிச்சுக்கிட்டு, தப்பு பண்ணிட்டேன்னு அழுதாராம். இப்ப பேரனோட பொறந்த நாளுக்கு அந்த டாக்டரைக் கூப்பிடுற அளவுக்கு ஒட்டிக்கிட்டாங்க. வயித்துக்கு ஒரு நியாயம், முட்டிக்கு ஒரு நியாயமா? நான் என்ன அவர் காலையா கேட்டேன்? 'தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்க'ன்னு ஒரு வார்த்தை. சொன்னா வாய் வலிக்குமா?"

தண்ணீரைக் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"இந்த வீட்டுக்கு நாப்பத்தாறு படி. படிக்கு ஒரு திட்டு திட்டிக்கிட்டேதான் தினமும் ஏறுறேன்."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். இந்தக் கதையை எடுத்தாலே மகன் 'விடுங்கப்பா' என்பான், மனைவி அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். பதினோரு மாதத்தில் முழுசாக உட்கார்ந்து கேட்டவள் இவள் ஒருத்திதான்.

"கடைசிக் கேள்வி சார். இப்ப உங்க கோபத்துக்குப் பத்துக்கு எத்தனை கொடுப்பீங்க?"

"நீ வர்றப்ப பத்து. இப்ப எட்டுன்னு போட்டுக்கோ. அதுல ரெண்டுதான்மா முட்டிக்கு. மீதி ஆறும் கண்டுக்காம விட்டானே, அதுக்கு. உன்னை மாதிரி ஒருத்தர் அங்க இருந்திருந்தா அவனுக்கு எடுத்துச் சொல்லியிருப்பாங்க."

எட்டு என்று எழுதிவிட்டு, அவள் கோப்பிலிருந்து கடைசிக் காகிதத்தை எடுத்தாள். அதன் தலைப்பில் 'குழு 3' என்று போட்டிருந்தது.

"ஆய்வு முடிஞ்சதும் உண்மையை முழுசா சொல்லிடணும் சார். அது எங்க விதி." அவள் குரல் இறங்கியது. "மன்னிப்பு கேட்டா கோபம் எவ்வளவு குறையுதுன்னு பார்க்கிறதுதான் எங்க ஆய்வு. பல ஆஸ்பத்திரிகள்ல தப்பு நடந்தவங்களைக் குலுக்கல் போட்டு மூணு குழுவா பிரிச்சோம். முதல் குழுவுக்கு டாக்டரே நேர்ல போய் மன்னிப்பு கேக்கணும். ரெண்டாவது குழுவுக்குக் கடிதம்."

"மூணாவது?"

"பதினோரு மாசத்துக்கு யாரும் எதுவும் சொல்லக் கூடாது. நீங்க அந்தக் குழு சார்."

அவர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நீங்க ஆயிரம் சொல்லுவீங்க. அதுக்காக அந்த ஆளுக்கு மனசாட்சி வேணாமா? ஒரு தடவையாவது என்னை வந்து பார்க்கணும்னு தோணலையா அவனுக்கு?"

அவள் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தாள்.

"ரெண்டு தடவை வந்தார் சார். உங்க மாடிப்படி வரைக்கும்."

"அப்புறம்?"

"நான்தான் திருப்பி அனுப்பினேன்."