வளர்ந்த குவியல்

"காக்கா, என்ர பசளைக் குவியலில ஆரு பன்புல் கொண்டுவந்து போட்டது?"

பீற்றிஸ் இரண்டு வளவுக்கும் நடுவில் நின்று கேட்டாள். அண்ணன் முறையில் அவள் காக்கா என்று கூப்பிடும் பக்கத்து வளவு ஆதம்பாவா பல் தீட்டுவதை நிறுத்தினார்.

"எனக்கென்ன தெரியும்? உங்கட குப்பை, உங்கட வளவு."

மகளின் பிள்ளைப்பேறுக்குப் பெரியகல்லாறு போகுமுன், தன் வளவுக்குப் பின்னே வாவிக்கரையில் தொடையளவு குவித்துவிட்டுப் போயிருந்தாள்: மரக்கறித் தோல், மீன் செதில், சாம்பல், சருகு. குப்பை உக்கும்போது உள்ளே சூடேறும். பிறகு சுருங்கித் தாழும். மூன்று மாதத்தில் முழங்காலுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டியது, அவள் திரும்பி வந்தபோது இடுப்புக்கு ஏறி நின்றது. மேலெல்லாம் பன்புல். மிளகாய்க் கன்றுக்கு அவள் நம்பியிருந்த பசளை அது.

"உங்கட மனிசி ராத்தாதானே பன்பாய் இழைக்கிறா? கழிவெல்லாம் என்ர தலையில! இண்டைக்கே நடுவில வேலி கட்டுறன்."

"கட்டுங்க புள்ள, எனக்கும் நல்லம்! உங்கட நாய்க்கு நான் சோறு வச்சன். அது என்ர தாரா வாத்துகளை ஒவ்வொண்டாத் திண்டு, அந்தக் குப்பைக்குள்ள தாட்டு வச்சிரிக்கி."

"அது குவியலுக்குக் கிட்டவும் போகுதில்லையே!"

உண்மைதான். வாலை ஒடுக்கிக்கொண்டு நாய் குசினி வாசலிலேயே நின்றது.

"கள்ள நாய் அப்பிடித்தான் நிக்கும். ஊர் விதானையாரைக் கூப்பிடுவமா?"

"அவர் என்னத்துக்கு? கிளறிப் பாப்பம். ஒரு இறகு கிடந்தாலும் நாயைக் கட்டிப்போடுறன்."

மண்வெட்டியால் பன்னை விலக்கினாள். சூடான ஆவி எழுந்தது. இறகு இல்லை. வெள்ளை வெள்ளையாய் முட்டைகள்.

"பாத்தீங்களா, என்ர தாராட முட்டை!"

ஆதம்பாவா ஒன்றை எடுத்தார். தாரா முட்டையைவிட நீளம், பாரமும் கூட. உள்ளேயிருந்து கீச்சென்று ஒரு குரல் வந்தது.

அந்தக் குரலுக்கு வாவித் தண்ணீர் சளசளத்தது. நாய் ஊளையிட்டது.

"மெல்ல வைங்க காக்கா," பீற்றிஸ் மண்வெட்டியோடு பின்வாங்கினாள். "குப்பைச் சூட்டில பொரிக்கட்டும் எண்டுதான் பன் சுமந்திரிக்கி."

"என்ர தாராவும் அதுட வயித்துக்குள்ளதான் போயிரிக்கி, அல்லாவே, றப்பே!"

அன்று பின்னேரம் குவியலை மூடி வேலிக்கு வெளியே விட்டுவிட்டு, இருவரும் சேர்ந்தே வேலி கட்டினார்கள்: இரண்டு வளவுக்கும் நடுவில் அல்ல, இரண்டு வளவுக்கும் தாய் முதலைக்கும் நடுவில்.