ஒப்புக்கொள்ள ஒரு ஆள்

"நான்தாங்க வெட்டினேன்" என்று லூர்துசாமி சொன்னபோது அவன் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை.

சிதம்பரம் கோர்ட்டு வாசற்படியோரம் நின்றிருந்த அவன் மனைவி பொன்னிக்கு அது தெளிவாகவே கேட்டது.

வக்கீல் குமாஸ்தா சொல்லிக்கொடுத்தபடியே எல்லாவற்றையும் சொன்னான். இடம், கிள்ளை சவுக்குத் தோப்பு. பொழுது சாயும் நேரம். வெட்டுப்பட்டுச் செத்தவன் சாமிக்கண்ணு. காரணம், குடும்பத் தகராறு.

பொன்னி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

சாமிக்கண்ணு வெட்டுப்பட்ட அந்த நேரத்தில் லூர்துசாமி கடலூரில் தன் வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்து கீற்று மாற்றிக்கொண்டிருந்தான். கீழே நின்று ஒவ்வொரு கீற்றாக எடுத்துக் கொடுத்தவள் அவள்தான்.

வெட்டியது சடையப்பனின் ஆட்கள்.

ஊரெல்லாம் மதுவிலக்கு இருந்த காலம். மீன் கூடைக்கடியில் இரண்டு பிராந்தி பாட்டிலை ஒளித்துப் பாண்டிச்சேரியிலிருந்து கொண்டுவந்து பிழைப்பைத் தொடங்கியவன் சடையப்பன். பிறகு படகு வாங்கினான். துடுப்பு வலிக்க ஆட்கள் வந்தார்கள். காட்டுமன்னார்கோயில் வரைக்கும் அவன் சரக்கு போயிற்று. குறுக்கே நின்றவர்களை வெட்ட ஆட்கள் வந்தார்கள். கடைசியில், வெட்டியதை ஒப்புக்கொள்ளவும் ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

சாமிக்கண்ணுவும் லூர்துசாமியும் அவன் படகில் அருகருகே உட்கார்ந்து துடுப்பு வலித்தவர்கள். இனிமேல் சரக்கு ஏற்ற வரமாட்டேன், மீன் பிடித்தே பிழைத்துக்கொள்கிறேன் என்று சாமிக்கண்ணு சொன்னான். அவன் செய்த குற்றம் அவ்வளவுதான்.

அவன் அடக்கத்துக்கு முதல் ஆளாக மாலையோடு வந்து நின்றதும் சடையப்பன்தான்.

அதன் பிறகு ஒரு காலையில் அவன் லூர்துசாமியின் வீட்டுக்கு வந்தான். மிரட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. வாசலில் விளையாடிக்கொண்டிருந்த அவர்கள் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். அதன் தலையைத் தடவியபடியே, "போலீசுக்கு ஒரு ஆளக் காட்டியாவணும் லூர்து" என்றான்.

லூர்துசாமி சரி என்று சொல்லும்வரை பிள்ளையை மடியிலிருந்து இறக்கிவிடவில்லை.

இப்போதும் பிள்ளை சடையப்பனிடம்தான் இருந்தது. கோர்ட்டுக்கு எதிரே புளியமரத்து நிழலில் நின்ற பிளஷர் காரில், அவன் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

விலங்கு மாட்டி லூர்துசாமியை வெளியே கூட்டிவந்தார்கள். பொன்னியைக் கடக்கும்போது அவன் நடை தளர்ந்தது.

"புள்ளைய வாங்கிக்கிட்டு பஸ் ஏறிடு. எதுவும் பேசாத" என்றான் உதடு அசையாமல்.

அப்போதுதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு செல்லாயி வந்தாள். செத்துப்போன சாமிக்கண்ணுவைப் பெற்றவள். கொன்றவன் கோர்ட்டில் ஆஜராகிறான் என்று கேள்விப்பட்டு, பரங்கிப்பேட்டையிலிருந்து தலையைக்கூட முடியாமல் ஓடி வந்திருந்தாள்.

"ஒரே வட்டில்ல சோறு தின்னியேடா பாவி!"

குனிந்து, இரண்டு கையாலும் மண்ணை வாரி அவன் முகத்தில் இறைத்தாள். போலீஸ்காரர்கள்கூட அவளைத் தடுக்கவில்லை. லூர்துசாமி முகத்தைத் திருப்பவில்லை. மண் அவன் தாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது.

இவரில்லை. ஒரே ஒரு வார்த்தை. அது பொன்னியின் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

கார் கண்ணாடிக்குப் பின்னால் சடையப்பன் பிள்ளையின் ரிப்பனை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தான். கை மட்டும்தான் ரிப்பனில் இருந்தது. கண் இங்கே இருந்தது.

பொன்னி எச்சிலை விழுங்கினாள்.

செல்லாயி இன்னொரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு அவளிடம் வந்தாள். அவள் விரல்களைப் பிரித்து, அந்த மண்ணை உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"ஏண்டி மரமாட்டம் நிக்கிற? புருசனாச்சேன்னு பாக்கறியா? செத்தது ஒங்கூடப் பொறந்தவன்டி! எம் வயித்துல பொறந்தவதானே நீயும்? தூத்துடி!"

பொன்னி புருஷனைப் பார்த்தாள்.

லூர்துசாமி மற்றவர்களுக்குத் தெரியாதபடி லேசாகத் தலையசைத்தான். பிறகு, அவளுக்குச் சிரமம் இல்லாதபடி, கண்ணை மூடிக்கொண்டான்.