செங்கோடன் தலையில் மலிவுச் சில்லு

ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் வியாபாரிகள் எல்லார் தலையிலும் பேரக் கணக்குப் போடும் உயர்ரகக் கணினிச் சில்லு ஓடியது. செங்கோடன் தலையில் மட்டும் ஆடித் தள்ளுபடியில் வாங்கிய மலிவுச் சில்லு. இன்று போர்வைகள் விற்காவிட்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

"போர்வை ஒண்ணு முன்னூறு ரூபான்னா எல்லாத்தையும் எடுத்துக்கறேனுங்க" என்றார் கோவை முதலாளி.

செங்கோடனின் சில்லு கணக்குப் போடத் தொடங்கி அப்படியே நின்றுவிட்டது. மனிதர் வாயைப் பிளந்தபடி வெறித்தார்.

முதலாளியின் உயர்ரகச் சில்லோ அந்த மௌனத்துக்குள் ஆயிரம் தந்திரங்களைக் கண்டுபிடித்தது.

"முன்னூத்தம்பது... அட, நானூறு! அப்படி முறைக்காதீங்க!"

அப்போதுதான் செங்கோடனின் சில்லுக்கு உயிர் வந்தது. "முன்னூறுக்குச் சரிங்..." என்று அவர் தொடங்க, மனைவி பூவாத்தா போர்வை முனையை அவர் வாயில் திணித்தாள்.

"அவருக்கு மனசே இல்லீங்க. நாஞ்சொல்றேன், நானூறுக்கே எடுத்துக்குங்க!"