தாளில் இல்லாத பதில்

வகுப்பறை ஜன்னல் வழியே நான்கு மணி வெயில் இறங்கி, கட்டிலின் வெள்ளை விரிப்பில் சாய்ந்து கிடக்கிறது. நோயாளியாக நடித்துப் படுத்திருப்பவர் பேராசிரியை. சாகப்போகிறவர்களிடம் எப்படிப் பேசுவது என்று டாக்டர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதிலேயே அவருக்கு இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. பக்கத்தில் பயிற்சி டாக்டர் ஒருத்தி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். நோயாளி சொல்லவேண்டிய பதில்கள் அச்சடித்த தாள் பேராசிரியையின் கையில், மின்விசிறிக் காற்றில் படபடக்கிறது. “யாரையாவது பாக்கணும்னு தோணுதாம்மா?” என்று அவள் கேட்கிறாள். தாளில் ‘மகன்’ என்று இருக்கிறது. “எங்க அக்காவ,” என்கிறார் பேராசிரியை. சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுகிறது. அம்மாவின் கடைசி நாட்களை ஆஸ்பத்திரியில் கழிப்பதா வீட்டிலா என்று மூண்ட சண்டை. அக்காவும் அவரும் முகம் கொடுத்துப் பேசி ஒன்பது வருடம் ஆகிறது. கண்ணோரத்தில் திரண்ட நீர் காதுப்பக்கமாக வழிகிறது. பெஞ்சுகளில் எழுதிக்கொண்டிருந்த பேனாக்கள் நிற்கின்றன. நடிப்பா நிஜமா என்று அந்தப் பெண்ணுக்குப் பிடிபடவில்லை. நாற்காலியை நெருக்கிப் போட்டு, அவர் கைமேல் தன் கையை வைக்கிறாள். “அவங்க நம்பர் இருக்கா மேடம்?” “மனப்பாடமா இருக்கு,” என்கிறார் அவர், கூரையைப் பார்த்தபடி.