இருநூற்றுப் பத்து

கணினித் திரையில் ஏறி இறங்கும் கோட்டை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புது டாக்டர், அவளைவிடச் சின்னவர். நான்கு வருட ரத்தப் பரிசோதனைகளையும் ஒவ்வொரு எண்ணாகக் கணினியில் ஏற்றினார்.

தொள்ளாயிரம். ஆயிரத்து நூறு. இருநூற்றுப் பத்து. ஆயிரத்து முந்நூறு.

நோயைத் தடுக்க வேண்டிய செல்கள் அவள் கழுத்திலிருக்கும் தைராய்டைப் பகையென்று எண்ணி அடிக்கின்றன. அந்தக் கோபத்தின் அளவுதான் இந்த எண்கள். அவளுக்கு இது மனப்பாடம்.

"இது ஒண்ணு மட்டும் ஒட்டலையே. லேப்ல ஏதோ தப்புப் பண்ணியிருக்காங்க. எடுத்துரட்டுங்களா?"

டாக்டரின் விரல் அழிக்கும் பொத்தானுக்குப் போனது.

"தப்பில்லீங்க. அப்ப எனக்கு அஞ்சு மாசம்."

விரல் நின்றது.

டாக்டர் ஃபைலில் அடுத்த தாளைப் புரட்டினார். பிரசவ வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த தாள். படித்துவிட்டு மெதுவாக மூடினார்.

"அந்தச் சமயத்துல அந்த செல்லெல்லாம் அடங்கிருங்க. குழந்தை பாதி அவங்கப்பா இல்லீங்களா? வெளியாளுன்னு அதை அடிச்சிரக் கூடாதில்ல."

இதை அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

தன்னையே அடித்துக்கொள்ளும் உடம்பு. வயிற்றிலிருந்த குழந்தையையா விட்டிருக்கும்? இரண்டு வருடங்களாக அவள் இப்படித்தான் நினைத்திருந்தாள். யாரிடமும் சொன்னதில்லை.

குழந்தை தூங்கும் வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

அவள் உடம்புக்குள்ளும் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள்.

அந்த மாதங்களில் தலை வாரும்போது வழக்கம்போல் சீப்பில் முடி கொத்தாக வரவில்லை. இப்போது நினைவுக்கு வந்தது.

உயிரில்லாமல் பிறந்த குழந்தையின் முகத்தை அவளுக்குக் காட்டவில்லை. பார்க்க வேண்டாம் என்று மாமியார் கதவை மறித்து நின்றுகொண்டார். பெயர் இல்லை. படம் இல்லை. வாடகை வீட்டின் கூரையில், முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன சேலைத் தூளி கட்டும் கொக்கி மட்டும் இருக்கிறது. அதற்குக் கீழே அவள் அண்ணாந்து பார்க்காமல் கூட்டுவாள்.

"டாக்டருங்க... இதைத் தாள்ல எடுத்துத் தர முடியுங்களா?"

"எதுக்குங்க? எல்லாம் கம்ப்யூட்டர்லயே இருக்குமே."

அவள் திரையிலிருந்த பள்ளத்தையே பார்த்தாள். டாக்டர் பிரிண்டரைத் தட்டிவிட்டார்.

தாள் இளஞ்சூடாக வெளியே வந்தது.

கோடு ஒரு பக்கம் உயரத்தில் தொடங்கி, நடுவில் கட்டிய துணிபோல் நன்றாகத் தொய்ந்து, மறுபக்கம் உயரத்தில் போய் மாட்டிக்கொண்டிருந்தது.

உக்கடம் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மாத்திரைகளைப் பையில் போட்டாள். ஃபைலையும் போட்டாள்.

தாளை மடிக்கவில்லை. இரண்டு ஓரங்களையும் பிடித்து மடிக்கு மேலே வைத்திருந்தாள். ஜன்னல் காற்றில் அது மெல்ல ஆடியது.

வேகத்தடையில் பேருந்து தூக்கிப் போட்டது.

சட்டென்று தாளுக்கு அடியில் கையைக் கொடுத்தாள்.