தாயின் கதை அச்சான புத்தகம்

பாங்காக் கால்வாயோரக் கோயிலின் தகன மேடையிலிருந்து மாலை வெயிலில் புகை எழுகிறது. வந்தவர்களுக்குக் கொடுக்க, செத்த தாயின் கதையை வழக்கப்படி புத்தகமாக அச்சடித்திருக்கிறான் மகன் பிரசோங். அவன் அப்பா, படிப்பறியாத பிளெங் கிழவருக்கு அதில் நம்பிக்கையில்லை. "உங்கம்மா படகுல மீன் வித்தது இதுல இருக்காடா?" "அது எதுக்குப்பா? என் அதிகாரிங்கல்லாம் வந்திருக்காங்க." "வெத்தலை போட்டது?" "வெத்தலையத்தான் சர்க்காரே தடை பண்ணிருச்சே, பொம்பளைங்க தொப்பி போடணும்னும் உத்தரவு. நாகரிகமான தாயார்னு எழுதிருக்கேன்." "அப்ப உள்ள எரியறது யாருடா?" மகன் அடுத்தவருக்குப் புத்தகம் நீட்டப் போய்விடுகிறான். எழுத்துதான் பொய் சொல்லும், படம் சொல்லாது என்று கிழவர் முதல் பக்கத்தைத் திருப்புகிறார். மனைவியின் கறுத்த முகத்துக்கு மேலே யாரோ சீமைத் தொப்பி வரைந்து வைத்திருக்கிறார்கள். எச்சில் தொட்டுக் கட்டைவிரலால் தேய்க்கிறார். தொப்பி போகவில்லை. அவள் நெற்றிதான் கிழிகிறது.